ஸ்பேஸ்பாரின் வலது ஓரத்தில் மட்டும் ‘டிக்’: மூன்று முறை கிரீஸ் பூசியும் போகவில்லை

#1 இரவுத்தட்டு

வணக்கம். நான் சொந்தமாகக் கோத்த முதல் கீபோர்டு இது. முழு கீபோர்டைவிடச் சிறிய 65 சதவீத அளவு, ஈயம் வைக்காமல் ஸ்விட்ச்சுகளைச் செருகி உருவக்கூடிய ஹாட்ஸ்வாப் பி.சி.பி. (மின்சுற்றுப் பலகை), திருகு வைத்து முடுக்கும் ஸ்டெபிலைசர்கள் (நீளமான விசை சாயாமல் காக்கும் கம்பியும் கூடுகளும்), 6.25 யூ ஸ்பேஸ்பார் (ஒரு எழுத்து விசையின் அகலம் 1 யூ). ஸ்விட்ச்சுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, தூரிகையால் கிரீஸ் தடவி, மூன்று இரவுகள் உட்கார்ந்து முடித்தேன். எழுத்து விசைகளின் ஓசை அவ்வளவு இதமாக இருக்கிறது. ஸ்பேஸ்பார்தான் மானத்தை வாங்குகிறது. வலது கட்டைவிரலால் தட்டினால் ஒவ்வொரு முறையும் ‘டொக்’ என்ற ஓசைக்கு முன்னால் மெல்லியதாக ஒரு ‘டிக்’. இடது பக்கம் தட்டினால் இல்லை. நடுவில் தட்டினால் எப்போதாவது.

ஸ்டெபிலைசரை மூன்று முறை கழற்றி மாட்டிவிட்டேன். முதல் முறை கம்பியின் முனைகளுக்கு மட்டும் கிரீஸ். இரண்டாம் முறை கூட்டின் உட்சுவர்களுக்கும். மூன்றாம் முறை ஆத்திரத்தில் அள்ளிப் பூசினேன். அதன் பிறகு இரண்டு நாள் சத்தமே இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் அதே வலது ஓரம், அதே ‘டிக்’. போதாக்குறைக்கு இப்போது ஸ்பேஸ்பார் மேலே எழும்பி வருவதிலும் ஒரு சோம்பல்.

வேறு நல்ல ஸ்டெபிலைசர் வாங்கிவிடலாமா? எதை வாங்குவது?

#2 பூச்சுநிபுணன்

எதையும் வாங்க வேண்டாம். சோம்பலுக்குக் காரணம் நீங்கள் அள்ளிப் பூசியது. கெட்டியான கிரீஸ், கூட்டுக்குள் ஏறி இறங்கும் துண்டான ஸ்டெம்மின் பக்கங்களிலும் கூட்டின் சுவரிலும் சேர்ந்துகொண்டால் பசை மாதிரி பிடித்துக்கொள்ளும். ஸ்விட்ச்சின் ஸ்பிரிங் அதையும் இழுத்துக்கொண்டு மேலே வர வேண்டியிருக்கிறது. 45 கிராம் அழுத்தத்துக்குச் செய்த ஸ்பிரிங் பாவம், என்ன செய்யும்?

இரண்டு வகை கிரீஸ் வைத்துக்கொள்ளுங்கள். கம்பியின் முனை ஸ்டெம்முக்குள் நுழையும் இடத்துக்கும், கம்பி கூட்டில் உட்காரும் பள்ளத்துக்கும் டைஎலெக்ட்ரிக் கிரீஸ். இது சிலிகான் வகை. கெட்டியாக நிற்கும், பிளாஸ்டிக்கைக் கெடுக்காது. ஸ்டெம்மின் வெளிப்பக்கங்களுக்குக் கிரைடாக்ஸ் 205ஜி0 என்ற கிரீஸ், மிக மெல்லிய படலமாக. பூசினோமா இல்லையா என்று நமக்கே சந்தேகம் வர வேண்டும், அந்த அளவு போதும். தாராளம் முனைக்கு மட்டும்.

தையல் இயந்திர எண்ணெயையும் வாசலினையும் கிட்டே சேர்க்காதீர்கள். முதலாவது வழிந்து ஓடிவிடும். இரண்டாவது பெட்ரோலியச் சரக்கு, சில பிளாஸ்டிக்குகளுக்கு அது ஆகாது.

பழைய பூச்சை வழித்து எடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். 205ஜி0 ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கரையாது. துணியால் துடைத்து, சோப்பு நீரில் கழுவி, நன்றாக உலர்த்த வேண்டும்.

#3 கம்பிவைத்தியர்

பூச்சுநிபுணன் சொன்ன அளவுக் கணக்கு சரி. ஆனால் தம்பி, உங்கள் ‘டிக்’ கிரீஸ் குறைந்ததால் வந்ததில்லை. கிரீஸால் போகவும் போகாது. நீங்கள் மூன்று முறை செய்தது பூசி மெழுகும் வேலை. இரண்டு நாள் சத்தம் அடங்கிப் பிறகு திரும்பியது என்று எழுதியிருக்கிறீர்களே, நோயைக் காட்டிக்கொடுக்கும் வரி அதுதான்.

முதலில் இரண்டு ஓசைகளையும் பிரித்துக் கேட்கப் பழகுங்கள். லொடலொடப்பு வேறு, டிக் வேறு. விசையை அழுத்தும்போதும் விடும்போதும், எந்தப் பக்கம் தட்டினாலும், தளர்ந்த கதவுத் தாழ்ப்பாள் மாதிரி ஆடினால் அது லொடலொடப்பு. கம்பியைவிட அது நுழையும் துளை பெரிதாக இருப்பதால் வருவது; கிரீஸ் அந்த இடைவெளியை நிரப்பும். ஒரே ஒரு பக்கத்தில், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், நகத்தால் கண்ணாடியைத் தொட்டதுபோலக் கேட்டால் அது டிக். பத்தில் எட்டு முறை கம்பி நேராக இல்லை என்று அர்த்தம். (எட்டு என்பது என் மேசையின் அனுபவம், ஆராய்ச்சி முடிவு அல்ல.)

ஸ்டெபிலைசர் கம்பி நம்முடைய ‘ப’ எழுத்தைப் படுக்கப் போட்டதுபோல இருக்கும். நீளமான நடுப்பகுதி கூடுகளின் பள்ளத்தில் உட்கார்ந்து உருளும். இரண்டு குட்டைக் கைகளும் ஆளுக்கொரு ஸ்டெம்முக்குள் நுழைந்திருக்கும். வலது ஓரத்தை அழுத்தினால் வலது கை இறங்கும், நடுப்பகுதி உருளும், அந்த உருளலே இடது கையையும் இறக்கும். விசை சாயாமல் இறங்குவது இதனால்தான். 6.25 யூ என்றால் 119 மி.மீ. நீளம், ஓரத்தில் தட்டும் விரல் நடுவிலுள்ள ஸ்விட்ச்சிலிருந்து ஐந்து சென்டிமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. கம்பி இல்லாவிட்டால் விசை தராசுத் தட்டுபோல ஒரு பக்கம் சாய்ந்து ஸ்விட்ச் சிக்கிக்கொள்ளும்.

இப்போது நடுப்பகுதி துளி முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். இரண்டு கைகளும் ஒரே மட்டத்தில் நிற்க மறுக்கும். கீகேப் (விரல் படும் மேல்மூடி) அவற்றை வலுக்கட்டாயமாக ஒரே மட்டத்தில் பிடித்து வைத்திருக்கும். ஒரு முனை ஸ்டெம் துளையின் கூரையை முட்டிக்கொண்டிருக்கும், மறுமுனை தரையை முட்டும். நடுப்பகுதியும் ஒரு கூட்டின் பள்ளத்தில் முழுதாக உட்காராமல் தூக்கிக்கொண்டு நிற்கும். நீங்கள் அழுத்தியதும் அது பள்ளத்தில் போய் இடிக்கிறது. அந்த இடிதான் உங்கள் ‘டிக்’. அங்கே கெட்டி கிரீஸ் இருந்தால் மெத்தைபோலத் தாங்கும். நூறு முறை, ஐந்நூறு முறை இடித்தால் கிரீஸ் ஓரமாக ஒதுங்கிவிடும். மூன்றாம் நாள் மறுபடி டிக்.

கம்பியைக் கழற்றி ஒரு கண்ணாடிமேல் வையுங்கள். பிறகு பேசலாம்.

#4 அரைவிசை

ஆறேகால் யூ விசையை வைத்துக்கொண்டு அதைச் சாயாமல் காப்பாற்றக் கம்பி, கம்பிக்குக் கூடு, கூட்டுக்குத் திருகு, திருகுக்கு வாஷர், எல்லாவற்றுக்கும் கிரீஸ். நான் இந்த வம்பே வேண்டாம் என்று ஸ்பேஸ்பாரையே துண்டாக்கிவிட்டேன். சின்னச் சின்ன விசைகள், எதிலும் ஸ்டெபிலைசர் கிடையாது. ஷிப்ட்டையும் பிளந்தாயிற்று: இடது பக்கம் 1.25 யூ, 1 யூ. வலது பக்கம் 1.75 யூ, 1 யூ. பேக்ஸ்பேஸ் இருந்த இடத்தில் இரண்டு 1 யூ. என்டர் மட்டும் மிச்சம். அதையும் ஒரு நாள் பார்த்துக்கொள்கிறேன்.

#5 பூச்சுநிபுணன்

அரைவிசை, தலைவலிக்குத் தலையை வெட்டச் சொல்வது வைத்தியம் ஆகாது. தவிர எல்லா பி.சி.பி.யும் அதற்கு இடம் கொடுக்காது. இரண்டாகப் பிளக்கும் அமைப்புகளில் 2.25 யூ, 2.75 யூ என்று இரண்டு ஸ்பேஸ்பார் வரும். அந்த இரண்டுக்குமே ஸ்டெபிலைசர் வேண்டும். ஒன்றுக்கு இரண்டாக லொடலொடக்கும்.

கம்பிவைத்தியர் அண்ணா சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் கிரீஸே போடாமல் நேரான கம்பியை மட்டும் வைத்து ஒரு ஸ்பேஸ்பாரை அமைதியாக்கிக் காட்டட்டும், ஒப்புக்கொள்கிறேன்.

#6 கம்பிவைத்தியர்

கிரீஸே வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? கடைசியில் போடச் சொல்கிறேன். கோணலான சுவரில் சுண்ணாம்பு அடித்தால் வெள்ளையான கோணல் சுவர்தான் கிடைக்கும்.

#7 நூல்பிடி

இரண்டு பேரும் பொறுங்கள். கம்பி, கீகேப், ஸ்டெம், கூடு, ஸ்விட்ச் என்று சந்தேகிக்க ஐந்து பேர் இருக்கிறார்கள். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கழற்றிப் பூசி மாட்டினால் யார் குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

இரவுத்தட்டு, உங்களுடையது ஹாட்ஸ்வாப் என்பதால் முதலில் ஸ்பேஸ்பாரின் அடியிலுள்ள ஸ்விட்ச்சை உருவிவிடுங்கள். கீகேப்பை ஸ்டெபிலைசர்கள்மேல் மட்டும் மாட்டி, விரலால் மெதுவாக ஏற்றி இறக்குங்கள். டிக் இருந்தால் ஸ்விட்ச் நிரபராதி.

அடுத்து கீகேப்பை அப்படியே அரைச் சுற்று திருப்பி மாட்டுங்கள். 6.25 யூ ஸ்பேஸ்பாரில் பெரும்பாலும் துளைகள் இரண்டு பக்கமும் சமமாக இருக்கும், தாராளமாகத் திருப்பலாம். டிக் இடது பக்கம் போய்விட்டால் கீகேப் வளைந்திருக்கிறது. அங்கேயே நின்றால் கீகேப்பும் விடுதலை.

மூன்றாவது, இடது ஸ்டெம்மையும் வலது ஸ்டெம்மையும் ஒன்றுக்கொன்று மாற்றுங்கள்.

கீகேப்பைக் கழற்றும்போது ஒரு ஓரத்தை மட்டும் பிடித்து இழுக்காதீர்கள். நேராக இருக்கும் கம்பியும் அதில் கோணலாகிவிடும்.

#8 இரவுத்தட்டு

செய்து பார்த்துவிட்டேன்.

ஸ்விட்ச் இல்லாமலும் டிக். கீகேப்பைத் திருப்பினேன், டிக் வலது பக்கமே நிற்கிறது. ஸ்டெம்களை இடம் மாற்றினேன், அசையவில்லை. அதிகாலை இரண்டு மணிக்கு ஒரு ஸ்பேஸ்பாரைக் காதோரம் வைத்துத் தட்டிக்கொண்டிருந்ததை வீட்டில் பார்த்துவிட்டார்கள். விளக்கம் சொல்ல வார்த்தை கிடைக்கவில்லை.

#9 பூச்சுநிபுணன்

அப்படியானால் மிஞ்சியிருப்பது கம்பியும் கூடும். கம்பியையும் குப்புறப் போட்டு இடவலம் மாற்றி மாட்டிப் பாருங்கள். டிக் இடது பக்கம் போனால் கம்பி, போகாவிட்டால் கூடு. கணக்கு முடிந்தது.

#10 நூல்பிடி

இந்த இடத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். நானும் ஏமாந்தேன், கம்பியைத் திருப்பியும் டிக் நகரவில்லையே என்று கூட்டைக் குற்றவாளியாக்கி, ஒரு ஜோடி நல்ல கூடுகளைத் தூக்கிப் போட்டேன்.

முறுக்கிய கம்பியைக் குப்புறப் போட்டாலும் முறுக்கு மாறாது. வலது கை மேலே, இடது கை கீழே என்று இருக்கிறது. புரட்டிப் போடுகிறீர்கள்: வலது இடதாகிறது, அதே நேரம் மேல் கீழாகிறது. ஆக, இப்போது வலது பக்கம் வந்து நிற்கும் கையும் மேலேதான் இருக்கிறது! வலத்திருகு ஆணியைத் தலைகீழாகப் பிடித்தால் இடத்திருகு ஆகிவிடுமா? நம்பாவிட்டால் ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி ‘ப’ வடிவில் மடக்கி, லேசாக முறுக்கி, மேசைமேல் புரட்டிப் பாருங்கள்.

ஒரு முனையில் மட்டும் பிசிறு, முலாம் உரிந்த இடம், ஒரு கை நீளம் குறைவு என்பது மாதிரிக் குறையாக இருந்தால் புரட்டுவது காட்டிக்கொடுக்கும். முறுக்கைக் காட்டிக்கொடுக்காது. அதற்குக் கண்ணாடிதான்.

#11 பூச்சுநிபுணன்

பேப்பர் கிளிப்பை வைத்து அரை மணி நேரமாகப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். சரிதான். #9 என்னுடைய தவறு. பின்னால் படிப்பவர்களுக்காக அழிக்காமல் விடுகிறேன்.

#12 புதுவிரல்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். அடுத்த மாதம் முதல் கீபோர்டு கோக்கப்போகிறேன், சால்டரிங் செய்யும் வகை. பிளேட்டில் மாட்டுவது, பி.சி.பி.யில் மாட்டுவது, கவ்வுவது, திருகுவது என்று ஏகப்பட்ட வகை இருக்கிறதே, எது எதற்கு? ஷிப்ட்டுக்கும் என்டருக்கும் தனித்தனி அளவுகளில் வாங்க வேண்டுமா? ஸ்டெபிலைசரின் அடியில் பிளாஸ்திரி ஒட்டச் சொல்கிறார்கள், உண்மையா கேலியா?

#13 நீலத்திரை

அளவிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1 யூ என்பது 19.05 மி.மீ. 2 யூ பேக்ஸ்பேஸ், 2.25 யூ என்டர், 2.25 யூ இடது ஷிப்ட், 2.75 யூ வலது ஷிப்ட் எல்லாவற்றுக்கும் ஒரே கம்பி. இரண்டு ஸ்டெம்களுக்கு நடுவே சுமார் 23.8 மி.மீ. ஸ்பேஸ்பாருக்குத்தான் தனிக் கம்பி: 6.25 யூ என்றால் ஸ்டெம்களுக்கு இடையே 100 மி.மீ., 7 யூ என்றால் 114.3 மி.மீ. வாங்கும் முன் உங்கள் ஸ்பேஸ்பார் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள், பலர் கோட்டைவிடும் இடம் அது.

பிளேட்டில் மாட்டும் வகை, ஸ்விட்ச்சுகளைப் பிடித்து நிற்கும் தகட்டிலேயே தொற்றிக்கொள்ளும். பி.சி.பி. வகை பலகையின் துளைகளில் இறங்கும். அதில் கவ்வி நிற்பது ஒன்று, அடியிலிருந்து திருகுவது ஒன்று. திருகும் வகைதான் ஆடாமல் நிற்கிறது. கவ்வும் வகையில் கீகேப்பை இழுக்கும்போது சில நேரம் கூடும் சேர்ந்து எழும்பி வரும். பழைய கோஸ்டார் வகை ஒன்று உண்டு: கம்பி பிளேட்டிலுள்ள கொக்கிகளில் தொங்கும், கீகேப்புக்குள் குட்டிச் செருகிகள் இருக்கும். ஃபில்கோ கீபோர்டுகளில் பார்த்திருப்பீர்கள். தட்டுவதற்குத் துடிப்பாக இருக்கும். கீகேப்பைக் கழற்றி மாட்டும் வேலை எதிரிக்கும் வரக்கூடாது.

நீங்கள் சால்டரிங் என்று சொன்னதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். என் இரண்டாவது கீபோர்டு 60 சதவீதம், 61 விசைகள். ஸ்விட்ச்சுக்கு இரண்டு கால் வீதம் 122 இடங்களில் ஈயம் வைத்து முடித்து, பெட்டிக்குள் இறக்கி, கீகேப் மாட்டி, ஆசையாக ஸ்பேஸ்பாரைத் தட்டினேன். டிக். பி.சி.பி. ஸ்டெபிலைசர் பிளேட்டுக்கும் பலகைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதை வெளியே எடுக்க வேண்டுமானால் 122 இடங்களிலும் ஈயத்தை உறிஞ்சி எடுக்க வேண்டும். செய்தேன். பலகையில் இரண்டு மின்தடம் பெயர்ந்து, அவற்றுக்கு மேல் ஒட்டுக்கம்பி போட வேண்டியிருந்தது. அன்றிலிருந்து ஸ்டெபிலைசரை வெறும் பலகையில் மாட்டி, கீகேப் போட்டு, நூறு முறையாவது தட்டிப் பார்க்காமல் இரும்பைச் சூடாக்குவதில்லை.

#14 புதுவிரல்

படிக்கும்போதே வயிற்றைக் கலக்குகிறது அக்கா. ஒருவேளை நடுவில் மாட்டிக்கொண்டால் வேறு வழியே இல்லையா?

#15 பூச்சுநிபுணன்

ஊசியில்லாத சிரிஞ்சு, அல்லது மழுங்கிய முனையுள்ளது. கீகேப்பைக் கழற்றி, ஸ்டெம்மை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கம்பி நுழையும் இடத்தில் குண்டூசித் தலையளவு டைஎலெக்ட்ரிக் கிரீஸை உள்ளே செலுத்தலாம். லொடலொடப்பு நன்றாகக் குறையும். டிக்குக்கு என்ன ஆகும் என்று #3-இல் இருக்கிறது. இப்போது நானும் அந்தக் கட்சிதான்.

#16 நீலத்திரை

பிளாஸ்திரி உண்மைதான். ஸ்டெம் கீழே வந்து பலகையில் இடிக்கும் இடத்தில் துணிப் பிளாஸ்திரியைச் சிறிதாக வெட்டி ஒட்டுவார்கள். அடி ஓசை மெத்தென்று ஆகும். ஆனால் ஒரு வருடம் கழித்து நான் எடுத்துப் பார்த்தபோது நடுவில் குழி விழுந்து, ஓரமெல்லாம் பிசுபிசுவென்று பசை கசிந்திருந்தது. இப்போது மெல்லிய நுரைத் துண்டு வைக்கிறேன். அதுவும் தடித்துவிட்டால் கூடு பலகையோடு ஒட்டி உட்காராது. பிறகு நூல்பிடியிடம்தான் போய் நிற்க வேண்டும்.

‘கால் வெட்டுவது’ பற்றியும் யாராவது சொல்வார்கள். செர்ரி நிறுவனத்தின் ஸ்டெம் அடியில் பிளந்த கால்கள் இருக்கும், அவை அடியில் இடிக்கும்போது குழைவான உணர்வு தரும். நகவெட்டியால் அவற்றை மட்டமாக வெட்டிவிடுவார்கள். இப்போது வரும் பல தயாரிப்புகளில் கால் இல்லாமலே வருகிறது. இல்லாத காலை வெட்டப்போய் ஸ்டெம்மை வெட்டிவிடாதீர்கள்.

#17 நூல்பிடி

புதுவிரல், உங்கள் பி.சி.பி. எவ்வளவு தடிமன் என்று பாருங்கள். பெரும்பாலானவை 1.6 மி.மீ. நெகிழ்வாக இருக்க வேண்டும் என்று சிலர் 1.2 மி.மீ. பலகை வாங்குகிறார்கள். 1.6-க்குச் செய்த கூட்டை 1.2-இல் மாட்டினால் 0.4 மி.மீ. இடைவெளியில் கூடே ஆடும். திருகை எவ்வளவு முடுக்கினாலும் கூட்டின் கொக்கி உள்ள பக்கம் தூக்கிக்கொள்ளும், மேலும் முடுக்கினால் கூடு வளையும். தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை. 1.2-க்கென்றே விற்கும் ஸ்டெபிலைசர் வாங்குங்கள், அல்லது கொக்கியின் அடியில் மெல்லிய தகடு வையுங்கள்.

திருகுத் தலைக்குக் கீழே பிளாஸ்டிக் வாஷர் கட்டாயம். உலோகத் தலை பக்கத்திலுள்ள தடத்தைத் தொட்டால் ஷார்ட் ஆகும்.

#18 இரவுத்தட்டு

என் பலகை 1.6 மி.மீ., கூடு ஆடவில்லை. கண்ணாடிச் சோதனையைச் செய்தேன். முதலில் செல்போன் திரைமேல் வைத்துப் பார்த்தேன். எல்லாம் சரி என்பதுபோலத்தான் தெரிந்தது. பிறகு அலமாரியிலிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துப் படுக்க வைத்தேன்.

கம்பி மூன்று இடத்தில் தொடுகிறது, வலது கையின் முனை மட்டும் தொடவில்லை. நகத்தால் தொட்டால் ‘டிக்’. கீபோர்டில் கேட்கும் அதே குரல்! மயிர்க்கால் சிலிர்த்துவிட்டது. அடியில் தாளை நுழைத்துப் பார்த்தேன். பிரிண்டரில் போடும் சாதாரணத் தாள் மூன்று நுழைகிறது, நான்காவது நிற்கிறது.

#19 கம்பிவைத்தியர்

அந்தத் தாள் ஒன்று சுமார் 0.1 மி.மீ. உங்களுக்கு 0.3 மி.மீ. கோணல். கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். செல்போன் திரையின் ஓரம் வளைந்திருக்கும், மேலே ஒட்டும் படலம் வேறு, அதை நம்பக்கூடாது.

வலது முனை தூக்கியிருப்பதால் வலது கைதான் வளைந்தது என்று அதைப் போய் மடக்காதீர்கள். முறுக்கு நடுப்பகுதியில் இருக்கிறது. வலது முனையைக் கண்ணாடியோடு அழுத்திப் பிடியுங்கள், இடது முனை எழும்பும்.

கம்பியின் இரண்டு கைகளையும் துணியில் சுற்றி, கைக்கு ஒரு குறடாகப் பிடியுங்கள். குறடு வெறுமனே பட்டால் முலாம் உரியும். உரிந்த இடம் பிறகு ஸ்டெம்மைச் சுரண்டும். முறுக்குக்கு எதிர்ப்பக்கமாக மெல்லத் திருப்புங்கள். எஃகு, விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பும். எனவே நேராகும் புள்ளியைத் தாண்டிக் கொஞ்சம் போக வேண்டும். எவ்வளவு தாண்டுவது என்பது ஒவ்வொரு கம்பிக்கும் வேறு. திருப்பு, கண்ணாடியில் வை, தாள் நுழை, மறுபடி திருப்பு. அவசரப்பட்டால் எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொள்ளும்.

#20 அரைவிசை

நாய் வாலை நிமிர்த்தும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன், இப்போதுதான் பார்க்கிறேன்.

#21 இரவுத்தட்டு

ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன்.

முதல் திருப்பலில் ஒன்றும் நடக்கவில்லை, மூன்று தாள் மூன்று தாளாகவே இருந்தது. கொஞ்சம் பலம் போட்டேன். அப்போதும் மூன்று. பொறுமை போய் ஒரே முறுக்கு. கண்ணாடியில் வைத்தால் இப்போது இடது முனை எழும்பி நிற்கிறது, இரண்டு தாள் நுழைகிறது! அண்ணா சொன்ன அவசரம். திரும்ப எதிர்ப்பக்கம். இப்படி ஏழெட்டு முறை. கடைசியில் இரண்டு முனைகளின் அடியிலும் ஒரு தாளின் ஓரம்கூட நுழையவில்லை, நகத்தால் தட்டினால் கம்பி ஊமை. முக்கால் மணி நேரம் ஆனது.

பழைய கிரீஸையெல்லாம் கழுவி, கிரீஸே இல்லாமல் கம்பியை மாட்டி முதலில் தட்டிப் பார்த்தேன், #5-இல் கேட்டிருந்தார்களே என்பதற்காக. டிக் இல்லை. லொடலொடப்பு இருந்தது, இரண்டு பக்கமும் சமமாக. பிறகு முனைகளுக்கு டைஎலெக்ட்ரிக், ஸ்டெம்முக்கு 205ஜி0 சந்தேகம் வரும் அளவுக்கு. லொடலொடப்பும் போனது. ஐந்து நாளாகத் தட்டுகிறேன், திரும்பவில்லை. சோம்பலும் போய்விட்டது.

ஒரு கேள்வி மட்டும். ஸ்பேஸ்பார் அமைதியானதும் பேக்ஸ்பேஸின் சத்தம் காதில் விழ ஆரம்பித்துவிட்டது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கடகடக்கிறது. கம்பியைக் கண்ணாடியில் வைத்தேன், நேராகத்தான் இருக்கிறது.

#22 பூச்சுநிபுணன்

இது என் இலாகா. 2 யூ கம்பி குட்டையானது, சுலபத்தில் முறுக்காது. துளைதான் பெரிது. ஹோலி மாடிஃபிகேஷன் என்று ஒன்று உண்டு: ஸ்டெம்மில் கம்பி நுழையும் துளையின் உட்சுவரில் மெல்லிய டெஃப்லான் நாடாவையோ பிளாஸ்திரித் துணியையோ ஒரு சுற்று ஒட்டுவது. கம்பி ஆட இடமில்லாமல் போகும். துண்டு 3 மி.மீ. அகலம்கூட இருக்காது, இடுக்கி இல்லாமல் முடியாது. அளவு கூடினால் விசை சிக்கும். கிரீஸிலேயே சத்தம் அடங்கினால் இதற்குள் போக வேண்டாம்.

#23 புதுவிரல்

நானும் சும்மா இருக்கவில்லை, வாங்கிய ஸ்டெபிலைசரை வெறும் பலகையில் மாட்டித் தட்டினேன். இடது பக்கம் டிக். உடனே கம்பியைக் கழற்றிக் கண்ணாடியில் வைத்தேன். ஒரு தாள்கூட நுழையவில்லை. இருந்தாலும் இரண்டு நாளாக இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருக்கிறேன், டிக் போகவில்லை.

#24 கம்பிவைத்தியர்

நேராக இருக்கும் கம்பியை ஏன் திருப்பினீர்கள்! கீகேப்பை அரைச் சுற்று திருப்பி மாட்டிப் பார்த்தீர்களா?

#25 புதுவிரல்

இல்லை. இப்போது செய்தேன். டிக் வலது பக்கம் போய்விட்டது.

#26 நூல்பிடி

கீகேப் எந்தப் பிளாஸ்டிக்? பி.பி.டி. என்றால் ஆச்சரியமில்லை, அச்சில் வார்த்து ஆறும்போது ஏ.பி.எஸ்.ஸைவிட அதிகம் சுருங்கும், நீளமான ஸ்பேஸ்பார் வாழைப்பழமாகிவிடும். அதனாலேயே சில பி.பி.டி. தொகுப்புகளில் ஸ்பேஸ்பாரை மட்டும் ஏ.பி.எஸ்.ஸில் கொடுக்கிறார்கள். குப்புறக் கண்ணாடியில் வைத்து ஓரங்களைத் தட்டுங்கள், ஆடினால் வளைவு. சூடான நீரில் சற்று நேரம் போட்டு, எடுத்த கையோடு சமமான பரப்பில் கனமான புத்தகத்தின் அடியில் ஆறவிட்டால் பலருக்கு நிமிர்ந்திருக்கிறது. விற்றவர் மாற்றிக் கொடுப்பார் என்றால் அதற்கு முன் நீரில் போடாதீர்கள்.

#27 கம்பிவைத்தியர்

கம்பியை மறுபடி கண்ணாடியில் வைத்துத் தாள் நுழைத்துப் பாருங்கள் தம்பி. இரண்டு நாள் திருப்பியிருக்கிறீர்கள், இப்போது நேராக இருக்காது.

#28 புதுவிரல்

இரண்டு தாள் நுழைகிறது.